முழுப் பரீட்சை லீவும் ஒரு பட்டை பதனியும்

"டாக்டர், இவளுக்கு உடம்பு பூரா ஒரே சூடு. சூடு தணியற மாதிரி ஏதாவது சூரணம் கொடுங்க. லீவு முடியறதுக்குள்ள சரியாகணும்."

ஏப்ரல் மாதக் கடைசியில், எட்டாம் வகுப்பு படிக்கும் மகளை அழைத்துக்கொண்டு வந்த ஒரு தாய் இப்படித்தான் ஆரம்பித்தார். பெண்ணுக்கு நீர்ச்சுருக்கு. ஒரே வருடத்தில் இது மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் சிறுநீர்ப் பரிசோதனை, கிருமித் தொற்று என்று ரிப்போர்ட், ஆங்கில மருத்துவரிடம் மாத்திரை. சரியாகிவிடும். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடியும் எரிச்சல், அடிவயிற்று வலி, காய்ச்சல்.

"பாப்பா, ஸ்கூல்ல எவ்வளவு தண்ணி குடிப்பே?" என்று கேட்டேன். பெண் அம்மாவைப் பார்த்தாள்.

"ஒரு லிட்டர் பாட்டில்ல கொடுத்து அனுப்பறேன் டாக்டர்" என்றார் அம்மா.

"அனுப்பறீங்கம்மா. திரும்பி வரும்போது பாட்டில்ல எவ்வளவு இருக்கு?"

அம்மா யோசித்தார். பெண்தான் பதில் சொன்னாள், மெதுவாக: "குடிச்சா பாத்ரூம் போகணும் டாக்டர். அங்க கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல. தண்ணியும் வராது."

காலை ஏழரைக்கு வேன் ஏறுகிற பெண் மாலை நாலே முக்காலுக்கு வீடு வருகிறாள். ஒன்பது மணி நேரத்துக்கு மேல் சொட்டுத் தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு ஒரு பிள்ளை வெயில் காலத்தைக் கடத்தினால், எந்தச் சூரணம் என்ன செய்துவிட முடியும்? சிறுநீர்ப் பையில் நீர் தேங்கத் தேங்கக் கிருமி பெருகுகிறது. குடிக்கும் நீரும் குறைவு என்பதால் கழுவித் தள்ள ஆள் இல்லை. இதைச் 'சூடு' என்ற ஒரே வார்த்தையில் நாம் மூடி வைத்துவிடுகிறோம்.

அவர்கள் போன பிறகு வெகுநேரம் என்னுடைய பள்ளிக்கூட நாட்கள்தான் நினைவில் ஓடின. நாங்களும் வெயிலில்தான் வளர்ந்தோம். இப்போதைய பிள்ளைகளைவிட அதிகமாகவே வெயிலில் அலைந்தோம். அப்படியென்றால் எங்களைக் காப்பாற்றியது எது?

தேரிக்காட்டு வேனில்

எனக்குச் சொந்த ஊர் உடன்குடிப் பக்கம். செம்மணல் தேரியும் பனையும்தான் எங்கள் உலகம். அப்போது அது ஒன்றுபட்ட திருநெல்வேலி மாவட்டம். தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தது 1986-இல்தான். 1980-இல் ஐந்தாம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதிய கடைசி நாள் இன்றும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. பேனாவில் மிச்சமிருந்த மையை ஒருவர் சட்டையில் ஒருவர் தெளித்துவிட்டு, வீட்டில் அடி விழுமே என்ற பயத்தோடு ஓடினோம். அன்றிலிருந்து ஜூன் வரைக்கும் எங்களைக் கேட்க ஆளில்லை.

கேட்க ஆளில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆச்சி கண்ணெல்லாம் எங்கள் மேல்தான்.

விடிந்ததும் பதனி. பனையேறி இறக்கிக்கொண்டு வந்தவுடன், குருத்தோலையை மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றித் தருவார்கள். அதில் நுங்கைத் தோண்டிப் போட்டுக் குடிப்பதில் ஒரு சுகம், மாங்காயைச் சீவிப் போட்டுக் குடிப்பதில் இன்னொரு சுகம். ஓலையின் வாசனையும் சேர்ந்து வரும். எவர்சில்வர் டம்ளரில் அந்த ருசி கிடையாது. (என் மனைவி இதை ஒப்புக்கொள்வதில்லை. அவர் சென்னைக்காரர்.)

பதனி புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள். தடவாமல் விட்டால் அது கள். சுண்ணாம்பு தடவியதையும் வெயிலேற வெயிலேற வைத்திருந்து குடிக்கக் கூடாது. நகரத்துச் சாலையோரங்களில் மத்தியானம் இரண்டு மணிக்கு நுரைத்துக்கொண்டிருக்கும் பதநீரை நான் வாங்குவதே இல்லை. அதில் தண்ணீரும் சாக்கரினும் கலந்திருக்கலாம். பதனியில் இயற்கையாகவே சர்க்கரை நிறைய உண்டு. அதைக் காய்ச்சித்தானே கருப்பட்டி எடுக்கிறார்கள்? ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் 'இயற்கை பானம்தானே' என்று ஏமாந்துவிட வேண்டாம்.

பத்து மணிக்கு மேல் நுங்கு. அருவாளால் சீவிக் கொடுத்தால், மூன்று கண்ணிலும் கட்டைவிரலை விட்டு நோண்டி உறிஞ்சுவோம். தின்று முடித்த வெறும் காய் இரண்டை ஒரு குச்சியின் இரு முனையிலும் செருகி, கவட்டைக் கம்பு வைத்துத் தள்ளினால் வண்டி. அந்த வண்டியோடு ஊரைச் சுற்றாத பிள்ளை எங்கள் தெருவில் கிடையாது.

நுங்கின் மேல் இருக்கும் பழுப்புத் தோலை உரித்து எறிந்தால் ஆச்சிக்குக் கோபம் வரும். "ஏலே, தோலோட தின்னுலே. அதுதான்டா மருந்து" என்பாள். துவர்க்கும், பிடிக்காது. உரித்த தோலை வீணாக்காமல் எங்கள் முதுகு வேர்க்குருவில் தேய்த்துவிடுவாள். ஜில்லென்று இருக்கும்.

பல வருடம் கழித்து, பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்து பெரும்பொழுதுகளைப் படித்தேன். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு. ஒவ்வொன்றுக்கும் உண்ண வேண்டியது, தள்ள வேண்டியது. பித்தம் மிஞ்சும்போது இனிப்பு, துவர்ப்பு, கைப்புச் சுவைகள் அதைத் தணிக்கும்; புளிப்பும் உப்பும் கார்ப்பும் கூட்டும் என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு நுங்குத் தோலின் துவர்ப்பு நாக்கில் வந்து நின்றது. பதனியின் இனிப்பு, கொடுக்காப்புளியின் துவர்ப்பு, சித்திரை முதல் நாள் வேப்பம்பூப் பச்சடியின் கசப்பு என்று பாடம் முழுவதையும் நான் முன்னாடியே தின்று முடித்திருந்தேன்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எங்களை யாரும் "தண்ணீர் குடி, தண்ணீர் குடி" என்று விரட்டியதில்லை. நுங்கிலும் வெள்ளரிப் பிஞ்சிலும் மோரிலும் நீராகாரத்திலும் தண்ணீர் தானாக உள்ளே போயிற்று. ஒதுங்குவதற்குத் தேரிக்காடே இருந்தது. பெண் பிள்ளைகளுக்கு அன்றைக்கும் அந்த வசதி இல்லை என்பதை இப்போது யோசிக்கும்போதுதான் உறைக்கிறது. அக்கா அந்த நாளில் மத்தியானம் மோர் வேண்டாம் என்று தள்ளிவிடுவாள். ஏன் என்று நாங்கள் கேட்டதே இல்லை.

எல்லாம் பொற்காலம் அல்ல

பழைய நாட்களைப் பேசும்போது நாம் கொஞ்சம் பொய் சொல்லுகிறோம். 1982-இல் ஏழாம் வகுப்பு லீவில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. காரணம் என்று வீட்டில் சந்தேகப்பட்டது, சைக்கிள் பெட்டியில் டப் டப் என்று மூடியைத் தட்டிக்கொண்டு வருபவரிடம் வாங்கித் தின்ற சிவப்புக் குச்சி ஐஸ். எந்தத் தண்ணீரில் செய்தார்களோ! வாய் சிவக்கச் சிவக்கச் சப்பினோம். ஆச்சி கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். உப்பு குறைத்து, எண்ணெய் ஒதுக்கி, ஒரு மாதம் பாயில் கிடந்தேன். சரியாயிற்று. அழுக்குத் தண்ணீரால் வரும் காமாலை பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும் என்று பிறகு படித்தேன். என்னைக் காப்பாற்றியது கீழாநெல்லியா, ஓய்வா என்று சித்த மருத்துவனான என்னாலேயே அடித்துச் சொல்ல முடியாது. ஆகவே கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம்தான் எந்த மருந்தும்.

கிணற்றுக் குளியலும் அப்படித்தான். துணைக்குப் பெரியவர் இல்லாமல் கிணறு, குளம், ஆறு எதற்கும் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். லீவுக்குக் கிராமம் போகிற பட்டணத்துப் பிள்ளைகளுக்கு நீச்சலும் தெரியாது, ஆழமும் தெரியாது.

இன்றைக்கு என்ன செய்யலாம்?

தேரிக்காட்டை அடுக்குமாடி வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் ஒரு மண்பானை வாங்கலாம். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருப்பதைக் குளிரச் செய்கிறது. கரண்ட் போனாலும் கவலை இல்லை. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரையே ஊற்றுங்கள். நன்னாரி வேரை நசுக்கி, நடுவில் உள்ள கட்டையான நரம்பை எடுத்துவிட்டு, கொஞ்சம் வெட்டிவேரும் சேர்த்து வெள்ளைத் துணியில் முடிந்து போடலாம். இரண்டு நாளைக்கு ஒருமுறை முடிச்சை மாற்றிப் பானையையும் தேய்த்துக் கழுவுங்கள். வாசனை வருகிறதே என்று வேர் கிருமியைக் கொல்லும் என நினைக்க வேண்டாம். பாட்டிலில் வரும் சிவப்பு நன்னாரி சர்பத்தில் வேரைவிடச் சர்க்கரைதான் அதிகம்.

நீர்மோருக்கு ஒரு பங்கு தயிர், நாலு பங்கு தண்ணீர். கடைந்து வெண்ணெய் எடுத்துவிட்டு இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், கொஞ்சம் உப்பு. வெயிலில் விளையாடிவிட்டு வருகிற பிள்ளைக்கு வேர்வையில் உப்பும் போயிருக்கும், அதனால் வெறும் தண்ணீரைவிட இது நல்லது. மாலையில் பானகம்: கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, எலுமிச்சை பிழிந்து, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டால் ஆயிற்று.

நுங்கு வாங்கும்போது கையால் அழுத்திப் பாருங்கள். பஞ்சு போல அமுங்க வேண்டும். முற்றிய கடுக்காய் நுங்கைத் தின்றால் வயிறு வலிக்கும். எண்ணெய்க் குளியலை வாரம் ஒருநாள் வைத்துக்கொள்ளுங்கள். லேசாகச் சுடவைத்த நல்லெண்ணெய், அரை மணி ஊறல், சீயக்காய், இளம் வெந்நீர். அன்றைக்குப் பகல் தூக்கமும் ஐஸ் தண்ணீரும் வேண்டாம். சளி, காய்ச்சல் இருந்தால் குளியலைத் தள்ளிப் போடுங்கள்.

சிறுநீரக நோய், இதய நோய் உள்ள பெரியவர்களுக்கு மருத்துவர் தண்ணீருக்கு அளவு சொல்லியிருப்பார். அவர்கள் நான் எழுதியதைப் படித்துவிட்டுக் குடம் குடமாகக் குடிக்கக் கூடாது. இளநீர், நுங்கு எதுவானாலும் கேட்டுவிட்டுத்தான்.

இன்னொன்று. வெயிலில் விளையாடிய பிள்ளை உளறினால், தள்ளாடினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால், மயங்கினால் அது சூடு அல்ல, ஆபத்து. நிழலுக்குத் தூக்கி வந்து, துணியைத் தளர்த்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-க்குச் சொல்லுங்கள். நினைவில்லாத பிள்ளை வாயில் மோரோ தண்ணீரோ ஊற்றாதீர்கள். அந்த நேரத்தில் என்னைப் போன்றவர்களிடம் ஓடி வர வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வெயிலும் முன்பு போல இல்லை. 2023-இல் பள்ளி திறப்பு ஜூன் 12-க்கும், 2024-இல் ஜூன் 10-க்கும் தள்ளிப் போனது நினைவிருக்கும். ஆகவே லீவில் பழகியது பள்ளிக்கூடத்திலும் தொடர வேண்டும். 2019-இல் கேரளத்தில் சில பள்ளிகள் தண்ணீர் குடிக்கவென்றே தனி மணி அடித்தன. நல்ல யோசனை. ஆனால் மணி அடித்தால் மட்டும் போதுமா? கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் இல்லாத இடத்தில் எத்தனை மணி அடித்தாலும் பெண் பிள்ளைகள் பாட்டிலைத் திறக்க மாட்டார்கள். உங்கள் மகளிடம் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன்னால் ஒருநாள் இதைக் கேட்டுப் பாருங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகிறதா, அடர் மஞ்சளாகவா என்று கவனிக்கச் சொல்லிக் கொடுங்கள். அடர் மஞ்சள் என்றால் பெரும்பாலும் தண்ணீர் போதவில்லை.

அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு லீவு முழுவதும் நான் கொடுத்தது நெருஞ்சில் குடிநீர். அதைவிட முக்கியமாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் கழிப்பறை. ஆச்சி வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன், போய்விட்டு வந்தாள். நுங்கைத் தோலோடு தின்னத் தெரியவில்லையாம், துப்பிவிட்டாளாம்.

அம்மாவிடம் சொன்னது வேறு மருந்து. இன்னும் நாலு தாய்மார்களைச் சேர்த்துக்கொண்டு தலைமை ஆசிரியையைப் போய்ப் பாருங்கள், சண்டை போட வேண்டாம், எனக்கு வந்த ரிப்போர்ட்டை மட்டும் காட்டுங்கள் என்றேன். பள்ளி திறந்து மூன்றாம் வாரம் இரண்டு பேரும் வந்தார்கள்.

"பொண்ணுங்க பாத்ரூம்ல தாழ்ப்பாள் போட்டுட்டாங்க டாக்டர். ரெண்டுல ஒண்ணுக்கு" என்றாள் பெண்.

"தண்ணி?"

"வாளியில ரொப்பி வைக்கிறாங்க. மத்தியானத்துக்கு மேல தீர்ந்துடுது."

சிறுநீர்ப் பரிசோதனையில் இந்தத் தடவை கிருமி இல்லை. குடிநீரை நிறுத்திவிட்டேன். ஆகஸ்டில் ஒருமுறை பரிசோதித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் இரண்டாவது தாழ்ப்பாளுக்கும் மத்தியானத் தண்ணீருக்கும் மறுபடியும் ஒருமுறை தலைமை ஆசிரியையைப் பார்ப்பதாக அம்மா சொல்லிவிட்டுப் போனார்.