தாய் கொண்ட பொருளே நோன்பின் பொருள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் வாழும் நம் குடும்பங்களுள் பல, வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து பிழைப்பை நாடி வந்தவை. ஊரில் இருந்தவரை பொழுது சாயுமுன் உண்பது எவர்க்கும் அரிய செயலாகத் தோன்றியதில்லை. தொழிற்பேட்டையில் இரண்டாம் ஷிப்டுக்குச் செல்லும் மகனுக்கோ அது அரிதாயிற்று. ஆயினும் அவன் புறப்படுமுன் சோறு சமைத்து, உண்ணச் செய்து அனுப்பிய அன்னையர் இப்பகுதியில் பலர் இருந்தனர். அவர்கள் நூல் எழுதியவர்கள் அல்லர். மேடையில் பேசியவர்களும் அல்லர். அத்தகைய தாய் மறைந்தபின் அவர் விட்டுச்சென்றது யாது என்பதைச் சிறிது ஆராய்தல் வேண்டும். இதற்கு நாம் எடுத்துக்கொள்வது, தம் மகனாலேயே எழுத்தில் நிலைபெற்ற ஓர் அன்னையின் வரலாறு.

காந்தியடிகளின் தாயார் புத்லிபாய் சமணர் அல்லர். வைணவம் சார்ந்த பிரணாமி நெறிக் குடும்பத்தில் பிறந்தவர். எனினும் சமண முனிவர்கள் அவ்வீட்டிற்கு அடிக்கடி வருவர். அங்கு உணவும் ஏற்பர். மழைக்கால நான்கு மாதங்களிலும் நாள்தோறும் ஒருவேளை மட்டும் உண்பது அவ்வம்மையாரின் வழக்கம். ஓராண்டு, கதிரவனைக் கண்டாலன்றி உண்பதில்லை என்று நோன்பு பூண்டார். குழந்தைகள் முற்றத்தில் நின்று வானத்தையே நோக்கியிருப்பர். வெயில் தென்பட்டதும் ஓடிச் சென்று கூறுவர். அவர் வெளியே வருவதற்குள் முகில் மறைத்துவிடும். முகம் வாடாமல், இன்று உண்ணுதல் இறைவன் திருவுள்ளம் அன்று எனக் கூறித் தம் வேலைக்குத் திரும்பிவிடுவார். பட்டினியைக் காட்டிலும் அந்த வாடாத முகமே மகனின் நெஞ்சில் பதிந்தது என்று நாம் கருதுகிறோம்.

1888-ஆம் ஆண்டு மகன் சட்டம் பயில இங்கிலாந்து செல்ல விரும்பியபோது தாய் அஞ்சினார். குடும்பத்திற்கு அறிவுரை கூறிவந்த பேச்சர்ஜி சுவாமி முன்னாளில் மோத் வணிகர் குலத்தவர். பின்னர்ச் சமணத் துறவியானவர். அவர் முன்னிலையில் மது, மாது, புலால் மூன்றையும் தீண்டுவதில்லை என மகன் சூளுரைத்த பின்னரே தாய் விடைகொடுத்தார்.

நாம் ஊன்றி நோக்க வேண்டிய பகுதி இனிமேல்தான் வருகிறது. இலண்டனில் முட்டை புலால் ஆகாது, அதனால் எவ்வுயிர்க்கும் ஊறில்லை என்று சிலர் வாதிட்டனர். அவ்வாதத்தில் மயங்கி அவரும் சில நாள் முட்டை உண்டார். புலால் என்னும் சொல்லுக்கு அந்நாட்டில் மூவகைப் பொருள் வழங்கியது. முதல் வகையினர் விலங்கு, பறவை ஆகியவற்றின் ஊனை மட்டும் விலக்கினர். மீன் அவர்களுக்குத் தடையன்று. அடுத்தவர்கள் மீனையும் விலக்கி முட்டையை ஏற்றனர். மூன்றாம் வகையினர் முட்டை, பால் இரண்டையுமே தள்ளினர். எதைக் கைக்கொள்வது? நோன்பு தந்தவள் தாய். ஆகவே தாய் கொண்ட பொருளே தம்மைக் கட்டுப்படுத்தும் என்று அவர் துணிந்தார். அன்றே முட்டையை விட்டார். மரக்கறி விடுதிகளிலும் பல பண்டங்களில் முட்டை சேர்ந்திருந்தமையால், ஒவ்வொன்றையும் விசாரித்து உண்ணும் தொல்லை ஏற்பட்டது. கடல் கடந்த ஊரில் கேட்பார் எவருமில்லை. தாய்க்கு அது தெரியவரவும் வழியில்லை.

1891-இல் அவர் திரும்பியபோது தாய் உயிரோடில்லை. செய்தியை அதுவரை மறைத்திருந்த தமையனார் அப்போதுதான் கூறினார். பம்பாயில் வந்திறங்கிய அந்நாளிலேயே, 23 வயதினரான ராய்ச்சந்திரரை அவர் சந்திக்க நேர்ந்தது. அச்சமண அறிஞரின் நட்பு பின்னாளில் அவர்தம் சமய ஐயங்களுக்குத் துணையாயிற்று.

தாய் தந்த நோன்பில் இவ்வளவு உறுதியாக நின்றவர், தாமே மேற்கொண்ட ஒன்றில் தடுமாறினார். 1912-இல் தென்னாப்பிரிக்காவில் பாலைத் துறந்தார். 1918-இல் கடும் நோயுற்று மெலிந்தபின், சூளுரைத்தபோது நினைத்தது பசும்பாலும் எருமைப்பாலுமே எனக் கொண்டு, கஸ்தூர்பாயின் வேண்டுகோளுக்கிணங்க ஆட்டுப்பால் பருகினார். சொல் காக்கப்பட்டது, உட்பொருள் காக்கப்படவில்லை என்ற வருத்தம் அவரை விடவில்லை. 1925 முதல் வெளிவந்த 'சத்திய சோதனை'யில் இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

நம் இல்லங்களில் இவ்வினா இன்று வேறு வடிவில் எழுகிறது. கடைப் பண்டங்களின் உறையில் பச்சைப் புள்ளி இடப்படுகிறது. முட்டை சேர்ந்தவற்றிற்கு அப்புள்ளி இல்லை. இது நமக்குப் பேருதவியே. ஆயினும் உருளைக்கிழங்கு வறுவலுக்கும் தேனுக்கும் அது உண்டு. அரசு கொண்ட பொருள் ஒன்று, நம் அன்னையர் கொண்ட பொருள் மற்றொன்று. புள்ளியைப் பார்த்ததும் விசாரணை முடிந்தது என்று இளைஞர் எண்ணுகின்றனர்; அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை, எவரும் அவர்களுக்கு விளக்கவில்லையே!

கிழங்கை அம்மா என்றும் விலக்கினாரா, நோன்பு நாட்களில் மட்டுமா? அத்திப்பழத்தை ஏன் தொடவில்லை? முந்தின நாள் சோற்றை ஏன் ஒதுக்கினார்? நீரை வடிகட்டிய துணியை எவ்வாறு அலசினார்? காந்தியடிகள் விடை தெரிந்துகொண்டு கப்பல் ஏறினார். நம் வீடுகள் பலவற்றில் விடை சொல்லக்கூடியவர் ஒருவரே இருக்கிறார். அவருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது.