பால் வரும் வழி

ஒரு நிறுவனம் நன்றாக நடக்கிறதா என்று அறிய அதன் ஆண்டு வரவு செலவைப் புரட்டுவது வழக்கம். அது மட்டும் போதாது. சரக்கு எங்கிருந்து புறப்படுகிறது, யார் யார் கை மாறுகிறது, எந்த நேரத்தில் வாங்குவோர் வாசலை அடைகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இவ்வழியை விநியோகச் சங்கிலி என்பர். அச்சங்கிலி நிறுவனத்தைத் தாங்குகிறதா, அல்லது கழுத்தை இறுக்குகிறதா? வணிகவியல் மாணவர்க்கு மட்டுமே உரிய கேள்வி அன்று இது. காரியவட்டத்தில் காலைத் தேநீர் அருந்தும் நமக்கு நன்கு பழகிய பாலைக் கொண்டே இதை ஆராயலாம். நான் எடுத்துக்கொள்ளும் நிறுவனம், இந்நகரின் பட்டம் பகுதியில் தலைமையகம் கொண்ட மில்மா.

மில்மா 1980-இல் தோன்றியது. குஜராத்தின் ஆனந்த் முறையைத் தழுவியது. ஊர்தோறும் பால் உற்பத்தியாளர் சங்கம், அவற்றின்மேல் திருவனந்தபுரம், எர்ணாகுளம், மலபார் என மூன்று வட்டார ஒன்றியங்கள், யாவற்றுக்கும் மேல் மாநிலக் கூட்டமைப்பு என்பது அதன் அமைப்பு. தனி முதலாளி எவரும் இல்லை. மாடு வளர்ப்போரே உடைமையாளர்.

பால் ஓர் அவசரக்காரச் சரக்கு. மடியிலிருந்து இறங்கும்போது அதன் வெப்பம் ஏறக்குறைய 38 பாகை. அத்தகைய சூட்டில் சில நுண்ணுயிர்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். கணக்கிட்டுப் பாருங்கள்: மூன்று மணி நேரத்தில் ஒன்று ஐந்நூற்றுப் பன்னிரண்டு ஆகிவிடும்! ஆகவே பாலை விரைவில் 4 பாகைக்குக் குளிரவைத்தாக வேண்டும். பிறகு ஆலையில் 72 பாகையில் பதினைந்து விநாடி சூடேற்றி, உடனே குளிர்வித்துப் பையில் அடைக்கின்றனர். இரும்பையோ சிமெண்டையோ விற்பவர் 'நாளை பார்த்துக்கொள்வோம்' என்று கிடங்கைப் பூட்டலாம். பால் விற்பவருக்கு அந்த வசதி இல்லை. மாட்டுக்கும் விடுமுறை இல்லை.

வழக்கமான நாள்களில் இந்தச் சங்கிலி மில்மாவுக்குப் பெரும் பலம் என்பதில் ஐயமில்லை. பால் நாள்தோறும் சங்கத்துக்கு வருகிறது. கொழுப்பும் கொழுப்பல்லாத திடப்பொருளும் அளந்து விலை தருவதால், தண்ணீர் கலப்பதில் ஆதாயம் இல்லை. 2022 டிசம்பர் 1 முதல் லிட்டருக்கு 6 ரூபாய் விலை உயர்ந்தபோது, அதில் 5 ரூபாய்க்குச் சற்று மேல் உற்பத்தியாளருக்கே என்று அறிவிக்கப்பட்டது. இப்படிப் பங்கு பெறுபவர், தரகர் ஒரு ரூபாய் கூடத் தருவதாகச் சொன்னவுடன் ஓடிவிட மாட்டார். இந்த நம்பிக்கையை எந்த ஐந்தொகையிலும் காண முடியாது.

ஆனால் வழக்கமான நாளை வைத்துச் சங்கிலியை எடை போடலாகாது என்பதே என் வாதம். பால் மிஞ்சிப்போகும் நாள் ஒன்று, போதாமற்போகும் நாள் ஒன்று. இவ்விரண்டு நாள்களில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மிஞ்சிய நாள் 2020-இல் வந்தது. மார்ச் மாத இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு. தேநீர்க்கடைகள், உணவகங்கள், விடுதிகள் யாவும் மூடின. விற்பனை சரிந்தது; கறப்பது குறையவில்லை. மலபார் ஒன்றியம் ஏப்ரல் 1 அன்று பால் எடுப்பதையே நிறுத்தியது. மிஞ்சும் பாலைத் தூளாக்கலாமே என்று கேட்கலாம். பாலில் நூற்றுக்கு 87 பங்கு நீர். அதை நீக்கிவிட்டால் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். ஆனால் ஆலப்புழையில் முன்பு இருந்த பால்தூள் ஆலை நின்றுபோன பிறகு, கேரளத்தில் அதற்கு இடமே இல்லை. முடிவில் இரு மாநில அரசுகளும் பேசி, நாளொன்றுக்கு 50,000 லிட்டரை ஈரோட்டு ஆலையில் தூளாக்கத் தமிழ்நாடு இசைந்தது. அங்கன்வாடிகளுக்கும் வெளிமாநிலத் தொழிலாளர் முகாம்களுக்கும் பால் வழங்கப்பட்டது. நாற்பது ஆண்டுகள் கண்ட நிறுவனம், ஒரே ஓர் இயந்திரம் இல்லாமையால் தன் சொந்த உடைமையாளரிடமே 'இன்று பால் வேண்டாம்' என்று சொல்ல நேர்ந்தது.

போதாத நாள் ஆண்டுதோறும் வருகிறது. அதுதான் ஓணம். வீடுதோறும் பாயசம் கொதிக்கும் காலம். 2023 ஓணத்தின்போது நான்கே நாள்களில் மில்மா ஒரு கோடி லிட்டருக்கு மேல் விற்றது. உள்ளூர்க் கறவை இதற்குப் போதாது; அண்டை மாநிலங்களிலிருந்து பால் தருவிக்க வேண்டும். செங்கோட்டையைக் கடந்து ஆரியங்காவு வழியாக ஊருக்குப் போய்வரும் நம்மவர்க்குப் பால் வண்டிகள் புதியவை அல்ல.

அண்டை வீட்டாரிடம் கடன் வாங்குவது தவறன்று. அந்த அண்டை வீட்டார் நம் தெருவிலேயே கடை வைத்தால்? 2023-இல் அதுதான் நடந்தது. கர்நாடகக் கூட்டுறவின் நந்தினி, கேரளத்தில் விற்பனை நிலையங்கள் திறந்தது. கூட்டுறவுகள் ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று புகலாகாது என்று மில்மா எதிர்த்தது. ஆனால் குறைவு நேரும்போது அதே கர்நாடகத்திலிருந்துதான் மில்மா பால் வாங்குகிறது. சரக்கு கொடுப்பவரே போட்டியாளரானால், பேரம் பேசும் வலிமை யார் பக்கம் இருக்கும்?

இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் எண்ணுவதில்லை. சங்கிலி மாட்டுத் தொழுவத்தில் தொடங்குவதில்லை. பட்டணக்காட்டிலும் மலம்புழையிலும் மில்மாவுக்குத் தீவன ஆலைகள் இருப்பினும், மக்காச்சோளம் போன்ற மூலப்பொருள்கள் பெரும்பாலும் வெளிமாநிலச் சரக்கே. வைக்கோலும் நம் பக்கத்திலிருந்து லாரியில் வருகிறது. அங்கே விலை ஏறினால் இங்கே பால் வளர்ப்போரின் கை கடிக்கும். உள்ளூர்ப் பால் என்று நாம் சொல்வதன் வேர் எல்லைக்கு அப்பாலும் ஓடுகிறது.

2020-இன் பாடம் வீண்போகவில்லை. மலப்புறம் மாவட்டம் மூர்க்கநாட்டில் நாளொன்றுக்கு 10 டன் திறனுள்ள பால்தூள் ஆலை 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டரை அது தூளாக்கும்; ஈரோடு அன்று ஏற்றுக்கொண்டதைப்போல் இரு மடங்கு. ஆயினும் பால் பற்றாக்குறையுள்ள மாநிலத்தில் இவ்வாலை ஆண்டில் பல நாள்கள் அரைவயிற்றுடன் கிடக்கக்கூடும். சம்பளமும் பராமரிப்பும் அந்நாள்களிலும் நில்லா. கணக்கர் இதை வீண்செலவு என்பார். நான் அந்தச் செலவை ஒரு தட்டிலும், கறந்த பாலுக்கு வழியின்றி அன்று நின்றவரின் இழப்பை மறு தட்டிலும் வைத்துப் பார்க்கிறேன். ஆலை கட்டியது சரியென்றே தோன்றுகிறது.