உலைமூடி தூக்கும் பொறி

அலுமினியம் உருகுவதற்கு 660 சென்டிகிரேடு பாகை வெப்பம் வேண்டும். இரும்பு வாளியின் உட்புறம் உலைமண் பூசி, கரியிட்டுக் காற்றூதி, வீட்டுப் புறக்கடையிலேயே அதனை வார்க்கலாமென்பதை அமெரிக்கரான டேவிட் கிஞ்சரி தம் நூல்களாற் பலருக்கும் விளக்கினார். உலையமைப்போர் மூசையைப்பற்றியும் துருத்தியைப்பற்றியும் மிக எண்ணுவர். மூடியை எங்ஙனம் எடுப்பதென்பதை உலை கனன்ற பின்னரே எண்ணுவர்.

பெட்டிமூடிபோற் கீலிட்டுத் திறக்கலாகாதோ எனின், ஆகாது. நிமிர்ந்த மூடி தன் கனலும் அடிப்புறத்தை முன்னிற்பான் முகத்திற்கே காட்டும். ஆதலின் மூடி சிறிது உயர்ந்து, கவிழ்ந்தவாறே ஒருபுறம் விலகவேண்டும். உலையருகே உறைகுழாயொன்றை நாட்டி, அதனுள் ஏறியிறங்கவும் சுழலவும் வல்ல இரும்புத்தூணை நிறுத்துக. தூணின் தலையினின்று நீளும் கையில் மூடி தொங்கும். தூணின் அடியை நெம்புகோல் தாங்கும். அதன் மறுமுனையைக் காலால் மிதிக்கலாம்.

இதுகாறும் எளிது, இனித்தான் இடர். மூடி 24 கிலோவென்றும், தூணினின்று மூடியின் நடு 40 சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். அப்பாரம் தூணைச் சாய்க்க முயலும். தடுப்பன உறையின் இரு வாய்களே. உறை 10 சென்டிமீட்டராயின் ஒவ்வொரு வாயிலும் 96 கிலோ அழுத்தம் பக்கவாட்டில் விழும். உராய்வு அதில் ஐந்திலொன்றெனினும், இருவாயிலுஞ் சேர்ந்து 38 கிலோவிற்கு மேலாகும். மூடியோ 24 கிலோ. எனவே காலை எடுத்தபின்னும் மூடி இறங்காது; அதனைத் தட்டி இறக்குவோன் உருகிய உலோகத்தின்மேற் குனிந்து நிற்பான். என் முதற்பொறியில் இச்சிக்கல் நேர்ந்தபொழுது, தூணைத் தடிப்பாக்கினால் தீருமென்றெண்ணிப் பெரிய குழாய் வாங்கினேன். காசு போயிற்று, சிக்கல் போகவில்லை.

உறையை 40 சென்டிமீட்டராக்குக. உராய்வு பத்துக் கிலோவிற்குங் குறையும். மூடி தானே இறங்கும். தூக்குதற்கு ஏறக்குறைய 34 கிலோ விசை வேண்டும். நெம்புகோலின் குறுங்கை 20, நெடுங்கை 80 சென்டிமீட்டராயின் காலுக்கு எட்டரைக் கிலோவே சுமை. கால் 20 சென்டிமீட்டர் தாழ மூடி 5 சென்டிமீட்டர் உயரும். விலக்குதற்கு அதுவே போதும்.

தூணை உறையில் மிக நெருங்கப் பொருத்தலாகாது. வெப்பத்தாற் பருத்த தூண் இறுகிக்கொள்ளும். எண்ணெயும் கரிந்து பிசினாகும். கிராபைட் தூள் இடுக.

மூடிக்குச் சரியாக எதிர்ப்பாரங் கட்டுவாரும் உளர். அவர் உராய்வை நினையார். தூணில் 14 கிலோவிற்கு மேற்பட்ட உதவி கிடைப்பின் மூடி மீண்டும் அந்தரத்தில் நின்றுவிடும். மிதிமுனையில் மூன்று கிலோ இரும்பு கட்டினால் தூணுக்கு 12 கிலோ உதவியாகும். காலுக்கு ஐந்தரைக் கிலோவிற்குட்பட்ட வேலையே எஞ்சும்.