தோள் வலி: படம் இருக்கும்போது பரிசோதனை எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. ஆறு மாதமாக வலது தோளில் வலி. எக்ஸ்ரே அறிக்கையில் ‘தேய்மானம்’ என்று இருக்கிறது. ஆனாலும் எலும்பு டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதித் தராமல் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்தை அசைக்கச் சொன்னார், சர்க்கரை உண்டா என்று கேட்டார். எதற்கு இதெல்லாம்?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: படத்தில் தேய்மானம் தெரிந்தால் வலிக்கும் அதுவே காரணம் என்று பலரும் நம்புகிறார்கள். அப்படியில்லை. மூட்டு நன்றாகத் தேய்ந்தும் அதிகம் வலிக்காதவர்கள் உண்டு. எம்.ஆர்.ஐ. எடுத்தால், தோள் வலியே அறியாத முதியவர்கள் பலருக்கும் தசைநார்க் கிழிசல் தெரியும்.

பரிசோதனையில் முக்கியமான அசைவு ஒன்று உண்டு. முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்புவது. முதலில் அம்மா தானே திருப்புவார், பிறகு டாக்டர் பிடித்துத் திருப்புவார். அம்மாவால் முடியாதது டாக்டர் கையில் முழுதாகத் திரும்பினால் மூட்டு இறுகவில்லை. பெரும்பாலும் கோளாறு சுழல்தசை நார்களில், அதாவது தோள் பந்தை அணைத்துப் பிடிக்கும் நான்கு தசைகளின் நார்களில் இருக்கும். யார் திருப்பினாலும் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் மூட்டே இறுகிவிட்டது என்று பொருள். அது மூட்டுத் தேய்வாகவும் இருக்கலாம், ‘உறைந்த தோள்’ எனப்படும் மூட்டு உறையின் இறுக்கமாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க எக்ஸ்ரே வேண்டும். உறைந்த தோளில் படம் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். தேய்வில் எலும்புகளுக்கு நடுவிலான இடைவெளி குறுகி, ஓரங்களில் எலும்பு முளைத்திருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு உறைந்த தோள் கூடுதலாக வருவதால்தான் அந்தக் கேள்வி.

அறிக்கை சொல்லும் தேய்மானம் எந்த மூட்டில் என்பதையும் பாருங்கள். காறை எலும்பின் நுனியில் உள்ள சின்ன மூட்டு இந்த வயதில் பலருக்கும் தேய்ந்திருக்கும். கையை மார்புக்குக் குறுக்கே மறுதோள் வரை கொண்டுபோகும்போது தோளின் உச்சியில் வலித்தால் அதைச் சந்தேகிக்கலாம். கழுத்து நரம்பு நசுங்கினாலும் தோள் வலிக்கும். வலி முழங்கையைத் தாண்டி இறங்குவது, விரல் மரத்துப்போவது அதன் அடையாளங்கள்.

அடுத்த முறை அறிக்கையோடு எக்ஸ்ரே படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். தலை வார முடிகிறதா, முதுகுப்பக்கம் கை போகிறதா, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடிகிறதா என்று அம்மாவையே சொல்லச் சொல்லுங்கள். காய்ச்சலோடு தோள் வீங்கினால் மட்டும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.