வீட்டுக்குப் பின்னால் முளைத்திருப்பது என்ன?



இந்த மாதப் பாடத்துக்குப் புத்தகம் வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு பென்சில், படம் எடுக்க ஒரு கைப்பேசி, வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் போதும். அடுக்குமாடியில் இருக்கிறவர்கள் கவலைப்பட வேண்டாம். நடைபாதையில் அம்மா வைத்திருக்கும் பூச்சட்டிகளும் கீழே கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் முளைத்த புல்லும் கணக்கில் சேரும்.

வேலை இதுதான். வீட்டைச் சுற்றி என்னென்ன செடி இருக்கிறது, அதன் பெயர் என்ன, அது எதற்கு உதவும், அதை உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று எழுத வேண்டும். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பாடமே அதில்தான் இருக்கிறது.

ஏன் இந்தப் பாடம்? நம்ம வகுப்பில் இரண்டு கூட்டம் இருக்கிறது. ஒரு கூட்டம் வாட்ஸ்அப்பில் வரும் மூலிகைச் செய்தி எல்லாவற்றையும் அப்படியே நம்பி அடுத்தவருக்கு அனுப்பும். இன்னொரு கூட்டம் பாட்டி வைத்தியம் என்றாலே சிரிக்கும். இரண்டு கூட்டமும் செடியைப் பார்த்ததில்லை. முதலில் பார்ப்போம், பிறகு பேசுவோம்.

என் வீட்டுக் கணக்கு

உங்களைச் செய்யச் சொல்வதற்கு முன் நான் செய்து பார்த்தேன். கெடாவில் ஒரு தாமானில் மூலைவீடு எங்களுடையது. பின்புறமும் பக்கவாட்டும் சேர்ந்து ஒரு கார் நிற்கும் அளவு மண்தான். மூன்று நாள் காலையில், வெயில் ஏறுவதற்கு முன், ஒரு மூலையிலிருந்து வரிசையாக எழுதிக்கொண்டு வந்தேன். மொத்தம் 23 வகை. அதில் நாங்கள் நட்டது 14. துளசி, கறிவேப்பிலை, முருங்கை, வெற்றிலை, கற்பூரவள்ளி, மஞ்சள், செம்பருத்தி, பொன்னரளி போன்றவை இதில் அடங்கும். மீதி 9 யாரும் கூப்பிடாமல் வந்தவை. அருகம்புல், வல்லாரை, கீழாநெல்லி, குப்பைமேனி, தொட்டாற்சிணுங்கி, பறவை போட்ட விதையில் முளைத்த ஒரு பப்பாளி என்று பட்டியல் போகிறது. இத்தனை நாளும் இந்த ஒன்பதையும் ‘புல்’ என்ற ஒரே சொல்லால் அழைத்து வெட்டிக்கொண்டிருந்தோம்.

பட்டியலை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் போனேன். 81 வயது. தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டம் வீடமைப்பு நிலமாக மாறியபோது லயத்து வீட்டிலிருந்து கிளம்பி இந்தத் தாமானுக்கு வந்தவர். எங்கள் முருங்கையும் அவர் கொடுத்த கொம்பில் வந்ததுதான். 23-இல் 18 செடிக்கு நிற்காமல் தமிழ்ப் பெயர் சொன்னார். செராய், பாண்டான், சாயோர் மானிஸ் மூன்றுக்கும் மலாய்ப் பெயர்தான் சொன்னார். இரண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தெரியலப்பா, தெரியாதத எப்படிச் சொல்றது?” என்றார். அதே 23 படத்தையும் நாலாம் படிவம் படிக்கும் என் அக்கா மகனிடம் காட்டினேன். அவன் சொன்னது ஆறு.

18-க்கும் ஆறுக்கும் நடுவில் இருக்கும் பன்னிரண்டு பெயர்கள் இன்றைக்கு ஒரே ஒரு வீட்டில், ஒருவருடைய நினைவில் இருக்கின்றன. செடிகள் அழியப் போவதில்லை, வெட்டினாலும் முளைக்கும். ஆனால் பெயர் வெட்டுப்பட்டால் திரும்ப முளைக்காது.

பெயருக்குள் இருக்கும் பாடம்

பெயர் வெறும் ஒட்டுச்சீட்டு இல்லை. கீழாநெல்லியின் ஒரு கிளையைத் திருப்பிப் பாருங்கள். இலைகளுக்குக் கீழே கடுகளவு காய்கள் வரிசையாக ஒட்டியிருக்கும். பார்த்தால் குட்டி நெல்லி மாதிரி. கீழே காய்க்கும் நெல்லி, அதனால் கீழாநெல்லி. மலாய்க்காரர்கள் இதையே ‘டுக்கோங் ஆனாக்’ என்கிறார்கள். பிள்ளையைச் சுமப்பது என்று பொருள். நாம் காயைப் பார்த்தோம், அவர்கள் முதுகில் பிள்ளையைச் சுமக்கும் தாயைப் பார்த்தார்கள். இரண்டு பேரும் குனிந்து, இலையைத் திருப்பித்தான் பார்த்திருக்கிறார்கள்.

குப்பைமேனியின் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை வந்து முகர்ந்து புரளும். இதனால்தான் சித்த மருத்துவத்தில் இதற்குப் ‘பூனைவணங்கி’ என்றும் ஒரு பெயர் உண்டு. மலாயில் ‘கூச்சிங் காலாக்’. அதிலும் ‘கூச்சிங்’, அதாவது பூனை வந்துவிட்டது. ஆகவே பட்டியலில் தமிழ்ப் பெயரோடு மலாய்ப் பெயரையும் எழுதுங்கள். பக்கத்து வீட்டு மாக்சிக்கிடம் கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்.

தாவரவியல் பெயரும் வேண்டும். காரணம், ஒரே பெயர் இரண்டு செடிக்கு ஒட்டிக்கொள்ளும். பாசாரில் தாய்லாந்துச் சமையலுக்கு விற்கும் வாசனை இலையைப் பலர் துளசி என்று வாங்கி வருகிறார்கள். அது நம் பூசைத் துளசி இல்லை, தமிழில் திருநீற்றுப்பச்சை எனப்படும் இனம். துளசி ‘ஓசிமம் டெனுயிஃபுளோரம்’, திருநீற்றுப்பச்சை ‘ஓசிமம் பேசிலிக்கம்’. உறவுக்காரர்கள்தான், ஆனால் ஒரே ஆள் இல்லை.

யார் சொன்னது?

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருவோம். கீழாநெல்லியைக் காட்டியதும் பாட்டி சொன்னது இது: “காமாலைக்கு மோர்ல அரைச்சுக் குடுப்பாங்க. எங்க லயத்துல மூணு பேருக்குக் குடுத்தாங்க. ரெண்டு பேரு பொழைச்சாங்க. ஒருத்தரு பொழைக்கல.”

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். எந்த வாட்ஸ்அப் செய்தியிலும் அது இருக்காது. உண்மையாகத் தெரிந்தவர் ஒரு பயனைச் சொல்லும்போது அதன் எல்லையையும் சேர்த்தே சொல்வார்.

ஆய்வு சொல்வதும் ஏறக்குறைய அதேதான். 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் கீழாநெல்லி பற்றிய ஆய்வை ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஹெப்பாடைட்டிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் நல்ல பலன் தெரிந்தது என்றது அந்த ஆய்வு. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்த ஆய்வுகளில் அந்தப் பலன் அப்படியே கிடைக்கவில்லை. மேலும், காமாலை என்பது ஒரே நோய் இல்லை. கிருமியாலும் வரும், பித்தக் கல்லாலும் வரும், மதுவாலும் வரும். கண் மஞ்சளானால் முதலில் கிளினிக்குக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

அடுத்தது பப்பாளி இலை. டிங்கிக் காலத்தில் பப்பாளி இலைச் சாறு பற்றி எல்லாரும் பேசுவார்கள். நம் நாட்டு மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஆய்வாளர்கள் கிள்ளானில் மருத்துவமனையில் இருந்த 228 டிங்கி நோயாளிகளைக் கொண்டு இதைச் சோதித்து, 2013-இல் வெளியிட்டார்கள். மூன்று நாள் சாறு குடித்தவர்களுக்குத் தட்டணுக்கள் கூடின. சரி, பாட்டி வைத்தியம் ஜெயித்துவிட்டதா? பொறுங்கள். அவர்கள் எல்லாரும் வழக்கமான சிகிச்சையும் பெற்றுக்கொண்டிருந்தவர்கள். டிங்கியில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் ரத்த நாளத்திலிருந்து நீர் கசிந்து உடல் அதிர்ச்சிக்குப் போவதுதான். தட்டணு எண்ணிக்கை மட்டும் அதைச் சொல்லிவிடாது. வீட்டிலேயே சாறு குடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பதற்கு அந்த ஆய்வு சாட்சி ஆகாது.

மூன்றாவது சாயோர் மானிஸ். நம் வீடுகளில் முட்டை போட்டு வதக்குகிறோம், மலாய் வீடுகளில் தேங்காய்ப்பாலில் சமைக்கிறார்கள். நல்ல கீரை. 1990-களில் தைவானில் உடல் இளைக்கும் என்று இதன் பச்சைச் சாற்றைத் தினமும், வாரக்கணக்கில் குடித்தார்கள். பலருக்கு நுரையீரலின் சிறு குழாய்கள் திரும்பச் சரியாகாத அளவுக்குக் கெட்டுப்போயின. இலை அதே இலைதான். சமைத்து, அளவோடு, மற்ற காய்களுடன் சேர்த்துச் சாப்பிடுவது என்ற முறையை விட்டுவிட்டு இலையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

நான்காவது குப்பைமேனி. பாட்டி சொறிக்கு வெளியே பூசத்தான் சொன்னார். ஜி6பிடி குறைபாடு உள்ளவர்கள் இதை உட்கொண்டதால் ரத்த அணுக்கள் உடைந்த சம்பவங்களை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் நாட்டில் குழந்தை பிறந்ததும் இந்தக் குறைபாடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உங்களுக்கு இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சாமிக்கு உரியது, சாப்பாட்டுக்கு உரியது

நம் பிள்ளைகளிடம் ஒரு தவறான எண்ணம் உண்டு. பூசைக்கு உகந்த செடி என்றால் அது உடம்புக்கும் நல்லது என்று நினைக்கிறார்கள். அருகம்புல் பிள்ளையாருக்கு, துளசி பெருமாளுக்கு, வில்வம் சிவனுக்கு, வேப்பிலை மாரியம்மனுக்கு. ஆனால் அதே பிள்ளையாருக்கு எருக்கம்பூவும், அதே சிவனுக்கு ஊமத்தம்பூவும் சாத்துகிறோமே! இரண்டும் விஷச் செடிகள். அரளியும் அப்படித்தான். பொன்னரளியின் கொட்டை இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடியது. பாட்டி என் பொன்னரளியைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை: “பூவு சாமிக்கு மட்டுந்தான். பறிச்சா கையக் கழுவு. புள்ளைங்க வாயில வைக்காமப் பாத்துக்க.”

விஷச் செடியையும் வெறுக்காமல் இறைவனுக்குப் படைக்கும் மரபு நம்முடையது. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு, அந்த இடம் எது என்று தெரிய வேண்டும் என்பதைத்தான் இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். 1960 முதல் தேசிய மலராக இருக்கும் செம்பருத்தி நம் பூசைத் தட்டிலும் இருக்கிறது. ஒரே பூவுக்கு இரண்டு இடம்.

உங்கள் வேலை

1. இடத்தை நாலு பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும்.

2. ஒவ்வொரு செடியையும் முழுதாக ஒரு படம், இலையின் முன்புறம், பின்புறம், பூ அல்லது காய் என்று நாலு படம் எடுங்கள்.

3. ஆறு கட்டம் போடுங்கள்: தமிழ்ப் பெயர், மலாய்ப் பெயர், தாவரவியல் பெயர், நட்டதா தானே வந்ததா, பயன், யார் சொன்னது. பயன் என்ற கட்டத்தில் சமையல், பூசை, மருந்து, நிழல், எதுவும் இல்லை என்று பிரித்து எழுதுங்கள். வண்ணத்துப்பூச்சி வந்து உட்கார்ந்தால் அதையும் எழுதுங்கள்.

4. ‘யார் சொன்னது’ கட்டத்தில் நேர்மையாக இருங்கள். ‘எங்கள் வீட்டில் செய்வது’, ‘பாட்டி சொன்னார்’, ‘புத்தகத்தில் படித்தேன்’, ‘வாட்ஸ்அப்’ என்று உள்ளபடி எழுதுங்கள். தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்று எழுதுங்கள். என் பட்டியலிலும் இரண்டு இடத்தில் அப்படித்தான் இருக்கிறது.

5. பெரியவர் ஒருவரிடம் பட்டியலைக் காட்டுங்கள். “இது எதுக்கு நல்லது?” என்று கேட்டதோடு நிறுத்தாதீர்கள். “எப்போ குடுக்கக் கூடாது? யாருக்காவது கேக்காமப் போயிருக்கா?” என்றும் கேளுங்கள். அவர் அனுமதித்தால் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

6. இது தெரிந்துகொள்வதற்கான பாடம், தின்று பார்ப்பதற்கான பாடம் இல்லை. சந்தேகமான எதையும் வாயில் வைக்காதீர்கள். வல்லாரை சாக்கடை ஓரத்தில் நன்றாக வளரும், எலிகளும் அங்கேதான் திரியும். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த இடத்துக் கீரை வேண்டாம்.

7. போகிற வழியில் பூச்சட்டித் தட்டுகளில் தேங்கிய நீரைக் கொட்டுங்கள். பப்பாளி இலையைத் தேடுவதைவிட ஏடிஸ் கொசுவைத் தடுப்பது சுலபம்.

அடுத்த வகுப்பில் எல்லாப் பட்டியல்களையும் தரையில் விரித்து ஒப்பிடுவோம். எந்தச் செடி எல்லார் வீட்டிலும் இருக்கிறது, எது ஒரே ஒரு வீட்டில் இருக்கிறது, எந்தப் பெயர் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும் என்று பார்ப்போம். கொம்பு வைத்து வளரும் செடி இருந்தால் ஒரு துண்டு வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். அதோடு ஒரு சீட்டில் அதன் பெயரையும் அந்தப் பெயரைச் சொன்னவரின் பெயரையும் எழுதி ஒட்டுங்கள். வாங்கிப் போகிறவர் இரண்டையும் சேர்த்தே நடட்டும்.