கடலோர ஊர்களும் பனைநாடும்: ஒரு நாள் பிரயாணத்துக்கு ஒரு முறை

வெளியூரிலிருந்து உறவினரோ நண்பரோ வந்தால், மெரினா, மயிலாப்பூர், மாமல்லபுரம் என்று தெற்கு நோக்கியே வண்டியைத் திருப்புவது நம்மவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. வடக்கே ராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் வழியாகப் பழவேற்காடு வரை நீளும் கரையைக் காட்டலாம் என்று யாராவது சொன்னால், புகையையும் கன்டெய்னர் லாரிகளையும் நினைத்து முகம் சுளிக்கிறார்கள். பிற தேசங்களில் கடற்கரைப் பட்டணங்களைக் காட்டியபின் அவற்றை அடுத்துள்ள திராட்சைத் தோட்டங்களுக்கு விருந்தினரை அழைத்துச் சென்று, அந்த மண்ணின் ரசத்தைச் சுவைக்கக் கொடுத்து அனுப்புவது ஒரு சம்பிரதாயம். நமக்குத் திராட்சை கம்பம் பள்ளத்தாக்கில் விளைகிறது. வடசென்னையை அடுத்து மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் விளைவது பனை. ஆகவே கடலையும் பனையையும் ஒரே நாளில் காட்டும் பிரயாணம் இங்கேயும் சாத்தியம். பல வருஷங்களாகப் பலரை இவ்வழியில் அழைத்துச் சென்றும், தாமாகப் போய் ஏமாந்து திரும்பியவர்களின் குறையைக் கேட்டும் நான் தெரிந்துகொண்டதை இங்கே சொல்லுகிறேன்.

நாள் குறித்தல்

எல்லோரும் தவறுவது இந்த இடத்தில்தான். பள்ளி விடுமுறை வந்தவுடன், அதாவது ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ புறப்படுகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன் இனப்பெருக்கத்தை உத்தேசித்து, கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை உண்டு. அப்பொழுது காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடப்பதையும் வலை சீர் செய்வதையும்தான் பார்க்கலாம். சரி, குளிர்காலத்தில் போவோம் என்று மார்கழியில் கிளம்பினால், பழவேற்காட்டு ஏரியில் பூநாரைகளைப் பார்க்கலாமே தவிர, பனை பாளை விட்டிராது; பதநீர் கிடைக்காது. மீனும், பறவையும், பதநீரும் ஒருங்கே வாய்ப்பது மாசிப் பிற்பகுதியிலிருந்து பங்குனி முடிவதற்குள் உள்ள சில வாரங்களே. அந்த வாரங்களிலும் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். நகரமே காசிமேட்டில் மீன் வாங்க நிற்கும். செவ்வாய் அல்லது புதன், ஆறு பேருக்கு மேற்படாத கூட்டம், இதுதான் என் விதி. ஆறுக்கு மேல் போனால் ஒருவர் பின்தங்கிக்கொண்டே இருப்பார்.

வாகனத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேன் வேண்டாம். துறைமுகத்துக்குப் போகும் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்ட வேனுக்குள் பாதி நாள் கழிந்துவிடும். மெட்ரோவும், கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலும், ஆட்டோவும், ஒரு பஸ்ஸும் போதும். ரயில் நேரத்தை மட்டும் முன்னாளே பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காசிமேடு, விடியுமுன்

நாலரை மணிக்கு அங்கே நிற்க வேண்டும். எட்டு மணிக்குப் போய், "என்ன, ஒன்றுமில்லையே!" என்பவர்களுக்கு நான் என்ன சொல்வது? படகிலிருந்து கூடைகள் இறங்க இறங்க ஏலம் நடந்து, வஞ்சிரமும் சங்கராவும் கடம்பாவும் ஐஸ் போட்ட பெட்டிகளில் ஏறி, பொழுது புலர்வதற்குள் பெரும்பகுதி வெளியேறிவிடும். காலில் ரப்பர் செருப்பு. தரையெங்கும் ஐஸ் கரைந்த தண்ணீரும் செதிளும் இருக்கும். "வழி, வழி" என்று குரல் கேட்டால், பெட்டி சுமப்பவர் முகத்தைத் திரும்பிப் பார்க்காமல் முதலில் ஒதுங்குங்கள். தொழில் செய்பவர்களின் முகத்துக்கு நேரே காமிராவை நீட்டாதீர்கள்.

மீன் வாங்காதீர்கள். செவுள் ரத்தச் சிவப்பாகவும் கண் பளபளவென்று மேலெழும்பியும் இருக்கும் மீனைப் பார்த்தவுடன் கை பரபரக்கத்தான் செய்யும். ஆனால் அதைப் பகல் முழுவதும் தூக்கிக்கொண்டு பங்குனி வெயிலில் அலைந்து, கோயில் வாசலில் யாரிடம் கொடுப்பது என்று திகைத்து, கடைசியில் நாற்றத்தோடு வீடு சேர்ந்தவர்கள் அநேகர். அன்றைக்கு நீங்கள் பார்க்க வந்தவர்கள். மீன் மத்தியானம் பழவேற்காட்டில் தட்டிலேயே கிடைக்கும்.

ராயபுரம்

ஆறு மணிக்கு ஆட்டோவில் புனித பேதுரு ஆலயம். படகுத் தொழில் செய்த கத்தோலிக்க மக்கள் எழுப்பிய இந்த ஆலயம் 1829-இல் முடிந்தது; பேதுருவைத் தமிழில் ராயப்பர் என்பார்கள், அந்தப் பெயரே ஊர்ப்பெயரும் ஆயிற்று. அங்கிருந்து ரயில் நிலையம். 1856-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது இந்த நிலையத்திலிருந்துதான். இந்தியாவில் இன்னும் நிற்கும் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது இது. அதன் முகப்புத் தூண்களின் அருகே நின்று ஒரு விஷயத்தை மட்டும் விருந்தினருக்குச் சொல்லிவிடுங்கள்: துறைமுகச் சுவர் கட்டிய பிற்பாடு தெற்கிலிருந்து கடல் கொண்டுவந்த மணல் அங்கேயே தங்கி மெரினாவாக விரிந்தது, அதே மணல் கிடைக்காமற்போன வடகரையைக் கடல் அரித்துக்கொண்டே வந்தது. இனி அவர்கள் பார்க்கப்போகும் கருங்கல் தடுப்புகளெல்லாம் எதற்கு என்பது இதனால் விளங்கும்.

திருவொற்றியூர்

வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறித் திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால் கோயில் நடை தூரம். மீன் சந்தையிலிருந்து வருகிறோமே என்று தயங்குவோர் கை, கால் கழுவி மாற்று வேஷ்டி உடுத்துக்கொள்ளலாம். அதற்கென்று ஒரு பையில் எடுத்து வாருங்கள். ஆதிபுரீசுவரரையும் வடிவுடையம்மனையும் தரிசித்தபின் வெளியேறிவிடாமல், கருவறைக்குப் பின்புறம் போய் நில்லுங்கள். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல் விமானம், படுத்திருக்கும் யானையின் முதுகுபோல் வளைந்து முடிகிறது. இந்த வளைவைப் பாராமல் வந்தவர் கோயிலைப் பாதிதான் பார்த்தார். சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்த கதைக்குரிய மகிழ மரத்தையும் கேட்டுப் பாருங்கள். மூலவரின் கவசம் களையும் மூன்று நாள் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி வருவது; அதற்குத் தனியாக இன்னொரு பிரயாணம் வைத்துக்கொள்க. எட்டு மணிக்குத் திருவொற்றியூர் ரயில் நிலையத்தில் இருக்க வேண்டும்.

பதநீர்: வழியில் இறங்காதிருத்தல்

இதுதான் இந்த நாளின் முடிச்சு. ரயில் வடக்கே போகும்போது எண்ணூர் வருகிறது; "வழியில்தானே இருக்கிறது, பார்த்துவிட்டுப் போவோம்" என்று இறங்கத் தோன்றும். நானும் ஒரு முறை ஆறு பேரோடு இறங்கினேன். முகத்துவாரம் பார்த்துவிட்டுப் பொன்னேரி சேர்ந்தபோது மணி பதினொன்று, சாலையோரத்துப் பதநீர்ப் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதை விற்கும் அம்மாள் ஓலைப் பட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். எண்ணூர் மாலைக்குரியது, பதநீர் காலைக்குரியது. இறங்காதீர்கள். வலப்பக்க ஜன்னலில் உட்கார்ந்து, பாலத்தின் மேல் ரயில் போகும்பொழுது கழிமுகத்தைக் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு, ஒன்பது மணியளவில் பொன்னேரி சேருங்கள்.

பனைக்குப் பாளை சீவி, கீழே கலயத்தைக் கட்டினால் சொட்டும் ரசம் சில மணி நேரத்தில் தானே நுரைத்துப் புளித்துக் கள்ளாகிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அந்தப் புளிப்பு தடைப்பட்டுப் பதநீராகவே நிற்கும். வேற்றுமை அவ்வளவே. இவ்வளவு சிறிய வேற்றுமையின் மேல்தான் சட்டமும் நிற்கிறது. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. சுண்ணாம்பும் காலம் முழுவதும் காவல் காக்காது. வெயில் ஏற ஏறச் சுவை திரியும்.

நல்ல பதநீரை அறிவது எப்படி? பானையில் ஊற்றி வைத்தது லேசாகக் கலங்கியிருக்கும். கண்ணாடித் தண்ணீர் போலிருந்தால் சர்க்கரை நீர் சேர்ந்தது என்று சந்தேகிக்கலாம். முகர்ந்தால் பாளையின் மணம். நாவில் முதலில் இனிப்பு, விழுங்கியபின் தொண்டையோரத்தில் சுண்ணாம்பின் மெல்லிய காரம். நுரை கட்டிப் புளித்திருந்தால் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். பிளாஸ்டிக் டம்ளரில் வாங்காமல், இரண்டு கைகளாலும் ஏந்தும்படி மடித்த ஓலைப் பட்டையில் வாங்கிக் குடியுங்கள். பச்சை ஓலையின் வாசனை சேர்ந்தால்தான் அந்தச் சுவை முழுமை. ஒருவருக்கு ஒரு பட்டை போதும். காலையும் மாலையும் அந்த உயரத்துக்கு ஏறி இறங்குகிற மனிதரின் உழைப்பு அது. அதில் பேரம் பேசுவது தகாது.

பழவேற்காடு

பொன்னேரியிலிருந்து பஸ். வெயில் முற்றுமுன் டச்சுக் கல்லறைத் தோட்டம். வாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. 1613-இல் கெல்ட்ரியா கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள் 1690-இல் நாகப்பட்டினத்துக்குத் தலைமையிடத்தை மாற்றும்வரை, சோழமண்டலக் கரை வியாபாரம் முழுவதையும் இச்சிற்றூரிலிருந்தே நடத்தினார்கள். பிறகு மீனோ நண்டோ வைத்துச் சாப்பாடு. பிறகு ஏரிக்கரையில் நின்று பறவைகள்.

படகில் ஏறாதீர்கள். யார் கூப்பிட்டாலும், எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று இந்த ஏரியில் ஒரே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கரையிலிருந்து கண்டதே போதும். ஊரில் பெண்கள் பின்னும் பனையோலைக் கூடை ஒன்றை வாங்கிக்கொண்டு மூன்று மணிக்கு பஸ் ஏறிவிடுங்கள்.

எண்ணூர், மாலையில்

திரும்பும் ரயிலில் எண்ணூரில் இறங்கி, ஆட்டோவில் கொசஸ்தலையாற்று முகத்துவாரம். அனல் மின் நிலையங்களின் புகைபோக்கிகளுக்குப் பின்னால் சூரியன் சாயும் நேரத்தில், நீர் வடிந்து ஆழம் குறைந்த இடத்தில் சிலர் தண்ணீரில் தவழ்ந்தபடி, வாயில் கவ்விய ஓலைப் பறியில், சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துப் போடுவதைக் காணலாம். காலையில் நீங்கள் ரசம் குடித்த அதே பனையின் ஓலைதான் அந்தப் பறி. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது இதை அடுத்த கடலில்; 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் படிந்தது இவர்கள் கை தடவும் இந்தக் கழிமுக நீரிலேயே. விருந்தினருக்கு இதை மறைக்காதீர்கள். மறைத்தால் காட்டியது ஆகாது. அன்று பிடித்த இறாலைக் கூறு கட்டி விற்பவர்களிடம் இங்கேதான் வாங்க வேண்டும். வீடு சேர ஒரு மணி நேரம், கெடாது.

இந்தக் கரை பார்வையாளருக்காக ஏற்பட்டதன்று, தொழிலுக்காக ஏற்பட்டது. அந்தத் தொழிலின் கடிகாரத்துக்கு நம்முடைய கடிகாரத்தைத் திருப்பி வைத்தவர்களுக்கு அது எல்லாவற்றையும் காட்டுகிறது. நாளை இப்பொழுதே குறித்துவிடுங்கள். ஏப்ரல் 15 பிறந்தால் படகுகளைக் கரையில் கட்டிவிடுவார்கள்.