போருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

நம்பிக்கை: முதல் உலகப் போருக்குப் பிரிட்டிஷ் மக்கள் முண்டியடித்துக் கடன் கொடுத்தார்கள்.

உண்மை: 1914 நவம்பரில் பிரிட்டன் 35 கோடி பவுண்டு கேட்டுப் போர்க்கடன் பத்திரம் வெளியிட்டது. வட்டி 3.5 சதவீதம், அன்றைக்கு அது நல்ல வட்டி. அப்படியும் மக்களிடமிருந்து வந்தது 9.1 கோடி பவுண்டுதான். விஷயம் கசிந்தால் எதிரிக்குக் கொண்டாட்டம், அடுத்த கடனும் படுத்துவிடும். எனவே பாங்க் ஆஃப் இங்கிலாந்தே தன் தலைமைக் காசாளர், அவருடைய துணைவர் ஆகிய இருவர் பெயரில் பத்திரங்களை வாங்கியது. கணக்கில் அவற்றை ‘இதர பத்திரங்கள்’ என்று எழுதிக்கொண்டது. கேட்டதற்கு மேல் பணம் குவிந்ததாக ஃபைனான்ஷியல் டைம்ஸ் செய்தி போட்டது. பொருளியல் மேதை கெய்ன்ஸுக்கு உள்விவரம் தெரியும். ரகசியக் குறிப்பொன்றில் இந்தக் கைவேலையை மெச்சவே செய்தார்!

பழைய பேரேடுகளைப் புரட்டிய ஆய்வாளர்கள் 2017இல்தான் இதை வெளியே கொண்டுவந்தார்கள். பத்திரிகையும் 103 ஆண்டு தாமதமாகத் திருத்தம் வெளியிட்டது. பணம் தரத் தயங்கியதும் மக்கள் சொன்ன ஒரு கருத்துதான் என்பேன். அது நாடாளுமன்றத்தில் விவாதமாகாமல் பேரேட்டுக்குள் புதைந்தது.

நம்பிக்கை: போர் தொடுத்த நாடே செலவையும் சுமக்கும்.

உண்மை: 1917இல் அதே முதல் உலகப் போருக்குப் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்த இந்திய அரசு 10 கோடி பவுண்டு ‘அன்பளிப்பு’ தந்தது. அதற்கு வருவாய் தேட, இறக்குமதித் துணி மீதான வரி 3.5இலிருந்து 7.5 சதவீதமாக ஏறியது. துணி வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாக்குரிமையே கிடையாது.

நம்பிக்கை: போர் வந்தால் வரி உயரும்.

உண்மை: அமெரிக்காவில் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. கொரியப் போருக்கு அதிபர் ட்ரூமன் வரியை உயர்த்தினார். வியட்நாம் போர் நடக்கையில் 1967இல் அதிபர் ஜான்சன் 10 சதவீதக் கூடுதல் வரி கேட்டார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் மாதக்கணக்கில் இழுத்தடித்து, மற்ற செலவில் 600 கோடி டாலரை வெட்டச் சொல்லி, 1968இல்தான் இசைந்தது. அந்த இழுபறியால்தான் போரின் விலை ஊர்வாய்க்கு வந்தது.

ஈராக்கில் எல்லாம் தலைகீழ். 2003 மார்ச்சில் படையெடுப்பு. மே மாதம் வரிக்குறைப்புச் சட்டத்தில் அதிபர் புஷ் கையெழுத்திட்டார். போர்ச்செலவு கடனில் ஓடியது. ஆண்டுக்கு ஆண்டு ‘அவசர ஒதுக்கீடு’ என்று வழக்கமான பட்ஜெட்டுக்கு வெளியே அதை வைத்தார்கள். சம்பளச் சீட்டைப் பார்த்தவருக்கு நாடு போரில் இருப்பதே தெரியாது. 2007இல் டேவிட் ஓபி முதலான சில காங்கிரஸ் உறுப்பினர்கள் போருக்கென்று தனி வரி போடச் சொன்னார்கள். அவர்களுடைய கட்சியைச் சேர்ந்த அவைத் தலைவர் நான்சி பெலோசியே அதை உடனே நிராகரித்தார்.